பிள்ளை காதிலும் விழும்: பேரிடருக்குப் பிறகு மக்களிடம் பேசுவது எப்படி

வெள்ளம் வந்தாலும் மலை சரிந்தாலும் மீட்பு வேலை தொடங்குகிற அதே நேரத்தில் பேச்சும் தொடங்கிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் தகவல், ஆட்டோ மைக்கில் அறிவிப்பு, ரேஷன் கடை வாசலில் விசாரிப்பு, முகாமில் வரிசைக்குக் கூப்பிடும் குரல். இதை நடத்துகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கென்று எந்தப் பயிற்சியும் இருக்காது. வார்டு குழு அட்மின், பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், எஸ்டேட் மேஸ்திரி, இளைஞர் மன்றத்துப் பையன் என்று யார் கையில் போன் இருக்கிறதோ அவர்தான் அறிவிப்பாளர். சேலம் மாவட்டத்தில், குறிப்பாக ஏற்காடு மலையில், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்தோடு முடியவில்லை, உள்மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கீழே சேலத்தில் திருமணிமுத்தாற்றில் வெள்ளம். டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீடு ஒன்றின் மேல் பாறையும் மண்ணும் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் காட்சிகள் போனில் வந்த பிறகு சரிவுக்குக் கீழே வீடு இருக்கிற குடும்பங்களில் எல்லாம் ஒரே கேள்விதான்: நம்ம வீட்டுக்கும் இப்படி ஆகுமா? அந்தக் கேள்வியைப் பிள்ளைகளும் கேட்டார்கள். சிலர் வாய்விட்டுக் கேட்டார்கள். சிலர் கேட்காமல் படுக்கையை நனைத்தார்கள்.

கீழே சொல்லியிருக்கிற எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பெரியவர்களுக்கு என்று நீங்கள் அனுப்புகிற எந்தச் செய்தியையும் அந்த வீட்டுப் பிள்ளையும் கேட்கும். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டில் இருப்பது ஒரு அறை. வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில்தான் போடுவார்கள். பாட்டி "என்னவாம்?" என்று கேட்பார், அம்மா திருப்பிச் சொல்வார், பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தால் அந்த முகம் தெளியும். பிள்ளைக்கு அதுதான் முதல் மருந்து.

1. எழுதுவதற்கு முன் விசாரியுங்கள்

வந்த செய்தியை அப்படியே தட்டிவிடுவது எல்லாரும் செய்கிற வேலை. நீங்கள் செய்ய வேண்டியது அதற்கு முந்தின வேலை. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், காவல் நிலையம் என்று நேரில் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவரிடம் கேளுங்கள். ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. வீட்டைக் காலி செய்யுங்கள், பாதை திறந்துவிட்டது போன்றவற்றை நீங்களாக முடிவு செய்து அறிவிக்கக் கூடாது. அதிகாரிகள் சொன்னதை யார் சொன்னது என்று குறிப்பிட்டு மக்கள் மொழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே உங்கள் பங்கு.

ஒரு ஊருக்கு ஒரு குரல் போதும். நான்கு குழுக்களில் நான்கு விதமாகச் சொன்னால் சரியான தகவலையும் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் நாளே உட்கார்ந்து, யார் விசாரிப்பது, யார் எழுதுவது, யார் பேசுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் ஊருக்குப் பழகிய குரலாக இருக்கட்டும். மலைக் கிராமத்தில் கிராம சுகாதார செவிலியரின் குரலுக்கு இருக்கிற மரியாதை வெளியூர்த் தன்னார்வலர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் கிடைக்காது.

2. தெரிந்தது, தெரியாதது, அடுத்த தகவல் எப்போது

ஒவ்வொரு செய்தியிலும் இந்த மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அடுத்த தகவல் மாலை 6 மணிக்கு என்று சொல்லிவிட்டால், 6 மணி வரை அந்தக் குடும்பம் போனை நோண்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சமைக்கலாம், பிள்ளையைத் தூங்க வைக்கலாம். ஆனால் 6 மணிக்குச் சொன்னபடி வந்தே ஆக வேண்டும். புதிதாக ஒன்றும் இல்லை என்றால் "புதுசா ஒண்ணும் இல்லை, மழை குறைஞ்சிருக்கு, அடுத்த தகவல் காலை 7 மணிக்கு" என்று சொல்லுங்கள். ஒரு தடவை தவறினால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும்.

ஒரு செய்தியை எடுத்துப் பார்ப்போம். இப்படித்தான் பெரும்பாலும் வரும்:

"அவசரம்!!! மலை மறுபடியும் சரியப் போகுது. எல்லாரும் உஷாரா இருங்க. உயிர் முக்கியம். அனைவருக்கும் பகிரவும்."

இதைக் கேட்ட தாய் என்ன செய்வார்? உஷாராக இருப்பது என்றால் ராத்திரி முழுக்க முழித்திருப்பதா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, எங்கே ஓடுவது? பயம் மட்டும் கைக்கு வந்து சேர்கிறது. அதே நிலவரத்தை இப்படிச் சொல்லலாம்:

"வணக்கம்ங்க. காலை 7 மணி நிலவரம். மலைப்பாதையில மண் சரிஞ்சு பஸ் நின்னுருக்கு. நம்ம ஊர்ல யாருக்கும் காயம் இல்லை. குப்பனூர் வழி திறந்திருக்கான்னு இன்னும் உறுதியாகல. ஓடையை ஒட்டி இருக்கிற வீட்டுக்காரங்க இன்னைக்கு ராத்திரி பள்ளிக்கூடத்துல தங்கச் சொல்லி வி.ஏ.ஓ. சொல்லியிருக்காரு. பாய், போர்வை, மாத்திரை, ரேஷன் கார்டு எடுத்துக்கங்க. பிள்ளைங்களுக்குப் பிடிச்ச பொருள் ஒண்ணு கையில கொடுங்க. 'நாம எல்லாரும் ஒரே இடத்துல ஒண்ணா தூங்கப் போறோம்'னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க. அடுத்த தகவல் மதியம் 12 மணிக்கு."

நீளம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் செய்வதற்கு ஒரு வேலையோ மனதை நிறுத்துவதற்கு ஒரு தகவலோ இருக்கிறது. பிள்ளையிடம் சொல்வதற்கான வாக்கியத்தையும் சேர்த்தே கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். பதற்றத்தில் இருக்கிற பெற்றோருக்கு வார்த்தை வராது. நாம் எழுதிக் கொடுத்தால் அதை அப்படியே சொல்லிவிடுவார்கள்.

பேரிடருக்குப் பின் மக்களுக்கு எது உதவுகிறது என்று 2007-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து ஐந்து விஷயங்களைத் தொகுத்தார்கள்: பாதுகாப்பு உணர்வு, அமைதி, நம்மால் முடியும் என்ற எண்ணம், உறவுகளோடு தொடர்பு, நம்பிக்கை. எழுதிய செய்தியை அனுப்புவதற்கு முன் இந்த ஐந்தில் ஒன்றையாவது அது கொடுக்கிறதா என்று பாருங்கள். எதையும் கொடுக்காத செய்தியை அனுப்பாமலே விடலாம்.

3. எந்த வழியில் சொல்வது

டவர் இருக்கிற இடத்தில் வாட்ஸ்அப். அதிலும் எழுத்தைவிடக் குரல் நல்லது, ஒரு நிமிடத்துக்குள். பேசும்போது நடந்துகொண்டோ மூச்சு வாங்கிக்கொண்டோ பேசாதீர்கள். உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுங்கள். குரலில் இருக்கிற படபடப்பு அப்படியே போய்ச் சேரும்.

மின்சாரம் போனால் டவரும் போய்விடும். அப்போது பழைய வழிகள்தான்: ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, கோயில் மைக், பள்ளிவாசல், சர்ச், பள்ளிக்கூடக் கரும்பலகை, பால் சொசைட்டி, டீக்கடை. ஆட்டோ மைக்கில் சைரன் சத்தமும் சோகப் பாட்டும் வேண்டாம். ஒரே செய்தியை மூன்று இடங்களில் நிறுத்தி, நிதானமாக இரண்டு முறை சொல்லச் சொல்லுங்கள். ஓடுகிற வண்டியிலிருந்து கத்தினால் "வெள்ளம்", "அபாயம்" என்ற இரண்டு வார்த்தைதான் காதில் விழும். மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கிற நாட்களில் காவிரிக்கரைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வேலைக்காக வந்து தங்கியிருக்கிற வடமாநிலக் குடும்பங்களை மறக்க வேண்டாம். ஊரே எங்கேயோ நகர்வதைப் பார்த்துக்கொண்டு என்ன நடக்கிறது என்று புரியாமல் நிற்கிற பிள்ளையின் பயம் இரண்டு மடங்கு. அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அதே செய்தியை அவர்கள் மொழியில் பேசிப் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை

முதல் இரண்டு நாள் உணவு, இடம், உறவினர் நிலவரம். அதன் பிறகுதான் பிள்ளைகளைப் பற்றிய செய்தியைத் தொடங்க வேண்டும். முதல் நாளே மனநலம் என்று ஆரம்பித்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை.

சொல்ல வேண்டிய முதல் சேதி: பிள்ளையிடம் தெரிகிற மாற்றம் பெரும்பாலும் இயல்பானது, பெரும்பாலான பிள்ளைகள் வீட்டார் துணையோடு சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இடுப்பை விட்டு இறங்காது, நின்றுபோன விரல் சூப்புதலும் படுக்கை நனைத்தலும் திரும்பும். பள்ளி வயதில் வயிற்று வலி, தலைவலி, பள்ளிக்குப் போக அடம். மண்ணைக் குவித்துச் சரித்துச் சரித்து விளையாடும். அந்த விளையாட்டைப் பார்த்துப் பெரியவர்கள் பதறித் தடுப்பார்கள். தடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். மண்ணுக்குள் மாட்டின பொம்மையை வெளியே எடுக்க ஒரு லாரியோ ஆளோ வந்தால் போதும், விளையாட்டு வேறு பக்கம் திரும்பும். பருவ வயதுப் பிள்ளைகள் பேச்சைக் குறைப்பார்கள், எரிந்து விழுவார்கள், இல்லாவிட்டால் பெரிய மனிதர் மாதிரி எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இந்தக் கடைசி வகைப் பிள்ளையை எல்லாரும் பாராட்டுவார்கள். "நீ கொஞ்சம் உக்காரு கண்ணு" என்று ஒருவராவது சொல்ல வேண்டும்.

படுக்கையை நனைத்ததற்கு அடிக்காதீர்கள், அக்கம்பக்கத்தில் சொல்லிக் காட்டாதீர்கள் என்பதை மைக்கிலேயே சொல்லலாம். முகாமில் எல்லாரும் பார்க்க நடக்கிற விஷயம் இது. பொதுவாகச் சொல்லிவிட்டால் ஒரு குடும்பம் மட்டும் கூனிக்குறுக வேண்டியதில்லை.

பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுங்கள். "மலை மறுபடியும் சரியுமா?" என்று கேட்டால், சரியவே சரியாது என்று சத்தியம் பண்ண வேண்டாம். அடுத்த மழையில் அந்தச் சத்தியம் உடைந்தால் அப்புறம் அம்மா சொல்வது எதையும் பிள்ளை நம்பாது. "பெரிய மழை வந்தா நாம முன்னாடியே பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவோம். எங்க போகணும்னு அம்மாவுக்குத் தெரியும். உன்னை விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்" என்பது உண்மையும்கூட, தைரியமும்கூட.

சாவைப் பற்றிய கேள்விதான் கடினம். "தாத்தா தூங்குறாரு", "ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்வது நம் வழக்கம். அன்பில் சொல்வதுதான். ஆனால் சின்னப் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டு தூங்கவே பயப்படும், ஊருக்குப் போகிற அப்பாவைப் பிடித்துக்கொண்டு அழும். "தாத்தா செத்துப் போயிட்டாரு கண்ணு. அவரு உடம்பு இனிமே வேலை செய்யாது. அவரு திரும்ப வர மாட்டாரு. எங்களுக்கும் அழுகையா வருது. நீயும் அழலாம்." இவ்வளவு போதும். சாமியிடம் போய்விட்டார் என்று நம்புகிற வீட்டில் அதையும் சேர்த்துச் சொல்லட்டும். இறந்துவிட்டார் என்ற வார்த்தையை மட்டும் மறைக்க வேண்டாம்.

பிள்ளைகள் தங்களையே குற்றவாளியாக நினைத்துக்கொள்வதும் உண்டு. அன்றைக்கு நான் சொல் பேச்சுக் கேட்கவில்லை, அதனால்தான் வீடு போனது என்று. ஊரில் சாமி குற்றம், ஆத்தா கோபம் என்று பேச்சு கிளம்பினால் இது இன்னும் ஆழமாக இறங்கும். அந்த நம்பிக்கையோடு நீங்கள் சண்டை போட வேண்டியதில்லை. கோயில் பூசாரியையே மைக்கில் பேசச் சொல்லுங்கள்: "மழை அதிகமா பெஞ்சுது, மண் இளகிச் சரிஞ்சுது. எந்தப் பிள்ளை மேலயும் தப்பு இல்லை." பயந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுகிற வீட்டிலும் இதே அணுகுமுறைதான். அது அந்தக் குடும்பத்துக்குத் தெம்பு கொடுக்கிறது, கட்டட்டும். பிள்ளையை அடிப்பது, பட்டினி போடுவது, புகை போடுவது மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டு, செவிலியரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

5. போட்டோ, பெயர், தத்து

பெற்றோரை இழந்த பிள்ளை, அழுகிற பிள்ளை, சேற்றோடு நிற்கிற பிள்ளை: இந்தப் படங்களை எடுக்கவோ பகிரவோ வேண்டாம். நிதி திரட்டுவதற்காகக்கூட வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டுகிற எதையும் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பேரிடர் ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி சுற்றும்: பெற்றோரை இழந்த குழந்தைகள் இருக்கிறார்கள், தத்தெடுக்க விரும்புவோர் இந்த எண்ணில் அழைக்கவும் என்று. யார் நல்ல மனதோடு அனுப்பினாலும் பகிராதீர்கள். தத்து என்பது குழந்தைகள் நலக்குழு, மத்திய தத்தெடுப்பு ஆணையம் வழியாக மட்டுமே நடக்கும். இப்படிப்பட்ட செய்தி கடத்தல்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிடும். பெரியவர் துணை இல்லாத பிள்ளையைப் பார்த்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், ஆள் வரும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

6. வீடியோக்களை நிறுத்தச் சொல்லுங்கள்

2013-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. அதன் பிறகு அங்கே செய்த ஆய்வு ஒன்றில், சம்பவத்துக்கு அடுத்த வாரம் தினமும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்திகளையே பார்த்தவர்களிடம், குண்டு வெடித்த இடத்தில் நேரடியாக இருந்தவர்களைவிடக் கடுமையான மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. பெரியவர்களுக்கே இப்படி. சின்னப் பிள்ளைக்கு, ஒரே சரிவைப் பத்து தடவை காட்டினால் பத்து இடத்தில் மலை சரிகிறது என்றுதான் தோன்றும்.

அதனால் உங்கள் குழுவில் சரிவு வீடியோ, உடல்களின் படம் எதுவும் கூடாது என்று முதல் நாளே விதி போடுங்கள். போட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகச் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். வீட்டில் டிவியை நாளுக்கு இரண்டு தடவை போட்டால் போதும் என்பதையும் ஒரு செய்தியாக அனுப்புங்கள்.

7. முகாமில்

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று சொல்: பார், கேள், இணை. யாருக்கு உடனடி உதவி தேவை என்று பார்ப்பது, சொன்னால் பொறுமையாகக் கேட்பது, உதவி கிடைக்கிற இடத்தோடு இணைப்பது. இதைச் செய்ய டாக்டர் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நம் கடலோர மாவட்டங்களில் ஆசிரியர்களுக்கும் உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்ததும் இந்த எண்ணத்தில்தான்.

கேட்பது என்றால் துருவுவது அல்ல. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து "அன்னைக்கு என்ன பார்த்தே, சொல்லு" என்று ஒவ்வொருவராகச் சொல்ல வைப்பதை நல்ல எண்ணத்தோடு வருகிற குழுக்கள் செய்கின்றன. இப்படி உடனே ஒருமுறை உட்கார வைத்து நடந்ததைச் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. வருகிற குழுவிடம் நீங்கள் முகாம் வாசலிலேயே சொல்லிவிடலாம்: "பிள்ளைங்களோட விளையாடுங்க, கதை சொல்லுங்க. நடந்ததைக் கேக்க வேண்டாம். அதுங்களா சொன்னா கேட்டுக்கங்க."

முகாமின் நாள் அட்டவணையை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, பிள்ளைகள் உயரத்தில் ஒட்டுங்கள். காலை கஞ்சி, குளியல், விளையாட்டு, சாப்பாடு, படிப்பு, விளக்கணைக்கும் நேரம். படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் படம் வரையுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிகிற பிள்ளை பாதி தேறிவிடும். பள்ளியும் அங்கன்வாடியும் எவ்வளவு சீக்கிரம் திறக்கின்றனவோ அவ்வளவு நல்லது, திறக்கிற தேதியை உறுதியானவுடன் அறிவியுங்கள்.

8. எப்போது, யாரிடம் அனுப்புவது

ஒரு மாதம் கடந்தும் தூக்கம் வரவில்லை, அலறி எழுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்கே போகவில்லை, யாரோடும் சேரவில்லை என்றால் உதவி தேவை. சாக வேண்டும் என்று பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். பெற்றோருக்கும் இதே கணக்குதான். வீடும் தோட்டமும் போன அப்பா குடியை அதிகமாக்கினால், அந்த வீட்டுப் பிள்ளையைத் தனியாகத் தேற்ற முடியாது.

14416 என்பது டெலி மானஸ், 2022-இல் தொடங்கிய அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நேரில் பார்க்க, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு உங்கள் பக்கத்துக்கு எந்த நாள் வருகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நாளை அறிவியுங்கள்.

எண்ணை அறிவிக்கும்போது மனநோய், மனநோயாளி என்ற சொற்களோடு தொடங்கினால் ஒருவரும் அழைக்க மாட்டார்கள். "தூக்கம் வரலையா, நெஞ்சு படபடங்குதா, பிள்ளை திடுக்குனு எழுந்திரிக்குதா? 14416-க்குக் கூப்பிடுங்க, காசு இல்லை, நம்ம தமிழ்லயே பேசுவாங்க" என்று சொல்லுங்கள். அதற்கு முன் நீங்களே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். எந்த எண்ணை அழுத்த வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், என்ன கேட்பார்கள் என்று தெரிந்தால்தான் தயங்கி நிற்கிற ஒரு அம்மாவிடம் தைரியமாகப் போனை நீட்ட முடியும்.

9. முகாம் கலைந்த பிறகு

கேமராக்கள் போய்விடும், அரிசி மூட்டையும் நின்றுவிடும். அப்போதுதான் பல குடும்பங்களுக்குத் துக்கம் முழுசாக இறங்கும். வாரம் ஒரு செய்தியாவது தொடர்ந்து போகட்டும்: நிவாரணத் தொகை விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, தொலைந்த சான்றிதழுக்கு எங்கே மனு கொடுப்பது, பாடப்புத்தகம் எப்போது வரும். இவை மனநலச் செய்திகளாகத் தெரியாது. ஆனால் கடன்காரர் வாசலில் நிற்கிற வீட்டில் மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே ஒரு செய்தி தயாராக இருக்கட்டும். ஐப்பசி பிறந்து ஓட்டின் மேல் மழை சத்தம் கேட்டதும் பழைய பயம் சில பிள்ளைகளுக்குத் திரும்பும், ஒரு வருடம் ஆன தேதியிலும் திரும்பும், அது பின்னடைவு அல்ல என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த வீட்டார் எங்கே போக வேண்டும், பையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பள்ளியிலேயே பிள்ளைகளோடு சேர்ந்து ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம். பையைக் கட்டுகிற பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

இந்த வேலை செய்கிறவர்களுக்கும் தூக்கம் கெடும். இரவு 10 மணிக்கு மேல் குழுவை இன்னொருவர் பார்க்கட்டும் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். போன மழையில் எந்தெந்த வீடுகளுக்கு 14416 கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், அதை யாருக்கும் காட்டாதீர்கள். இந்த வருடம் மேகம் கூடும்போது முதலில் எட்டிப் பார்க்க வேண்டியது அந்த வீடுகளைத்தான்.